பழைய 2.5 லிட்டர் டொயோட்டா ஹைலக்ஸை விட்டுப் பெரிய டீசல் பிக்கப்புக்கு மாறலாமா? அனுபவம் உள்ளவர்களின் கருத்து வேண்டும்

பகாவ் வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் நெகிரி செம்பிலானில், பகாவ் பட்டணத்திற்குச் சற்று வெளியே, 12 ஏக்கர் செம்பனையை, அதாவது எண்ணெய்ப் பனையைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். அதில் 5 ஏக்கர், ரப்பர்ப் பால் வெட்டிக் குடும்பம் நடத்திய என் பெற்றோர் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தை விட்டு வெளியேறியபோது சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கியது. மற்ற 7 ஏக்கர் குத்தகை நிலம். கடந்த ஓராண்டில் மொத்தம் 79 டன் பழம் விற்றிருக்கிறேன்.

என்னிடம் இருப்பது 2009-இல் பதிவான ஹைலக்ஸ் 2.5, நான்கு கதவு, மேனுவல் கியர், நான்கு சக்கர இயக்கம். ஓடியது 318,000 கிலோமீட்டர். மாதம் இரண்டு சுற்று பழம் வெட்டி, 9 கிலோமீட்டர் தொலைவில், பழத்தை எடைபோட்டு வாங்கும் ரேம்ப்பில் இறக்குகிறேன். வாரத்தில் மூன்று நாள் அம்மாவை டயாலிசிஸ் சிகிச்சைக்காகக் கோலா பிலா அழைத்துச் செல்வதும் இதே வண்டியில்தான். வீட்டிலிருந்து போய் வர 60 கிலோமீட்டர் ஆகிறது. மாதம் ஒரு முறை, ஆடு விற்கவோ சாமான் வாங்கவோ, புக்கிட் புத்துஸ் மலைப்பாதை ஏறி சிரம்பானுக்கும் போவதுண்டு.

சென்ற மாதம் மழை நின்ற மறுநாள் பழம் ஏற்றி வந்தபோது, எங்கள் நிலத்திலிருந்து தார்ச்சாலைக்கு ஏறும் செம்மண் மேட்டில் வண்டி பாதியிலேயே நின்றுவிட்டது. எஞ்சின் உறுமியது, கறுப்புப் புகை கக்கியது, ஆனால் ஓர் அடி நகரவில்லை. பழம் வெட்டும் இருவரும் நானும் சேர்ந்து நாற்பது குலைகளுக்கு மேல் கீழே இறக்கிய பிறகுதான் வண்டி மேலே ஏறியது. இறக்கிய குலைகளை ஈரச் சரிவில் மறுபடியும் தூக்கி வந்தபோது, எங்களில் மூத்தவர் வழுக்கி விழுந்து முழங்கையில் அடிபட்டுக்கொண்டார். என் அப்பா வயதுக்காரர் அவர். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் பெரிய வண்டிக்கு மாறிவிடலாம் என்ற எண்ணத்தில் இரண்டு வண்டிகளைப் பார்த்து வந்தேன். ஒன்று 204 குதிரைத் திறன் கொண்ட ஹைலக்ஸ் 2.8, மற்றது 190 குதிரைத் திறன் கொண்ட இசுசு டி-மேக்ஸ் 3.0. இரண்டுமே எனக்குச் சொல்லப்பட்ட கணக்கில் 140,000 வெள்ளியை (ரிங்கிட்டை) ஒட்டி வருகின்றன. 14,000 வெள்ளி முன்பணம் கட்டினால், மீதி 126,000 வெள்ளிக்கு ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டியில் ஒன்பது ஆண்டு, மாதம் 1,482 வெள்ளி தவணை.

பழைய வண்டியைச் சரிசெய்து ஓட்டுவதா, அல்லது இந்தச் சுமையை ஏற்றுக்கொண்டு மாறிவிடுவதா என்பதை முடிவு செய்ய முடியாமல் இருக்கிறேன். இதே வேலையைச் செய்கிறவர்கள் மனம் திறந்து சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

கோலா பிலா பட்டறை எழுதியது:

தம்பி, வணக்கம். இருபத்திரண்டு ஆண்டுகளாக டீசல் வண்டி வேலை மட்டும் பார்க்கிறவன் நான். முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: அன்று வண்டியில் எத்தனை கிலோ இருந்தது? குலை எண்ணிக்கை வேண்டாம், எடை வேண்டும். ரேம்ப்பில் கொடுக்கும் எடைச் சீட்டு உங்களிடம் இருக்கும். அதை எடுத்துப் பார்த்து இங்கே எழுதுங்கள்.

நான் இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. விற்பனைக்காரர்கள் 'பெரிய வண்டி' என்று சொல்லும்போது நாம் நினைத்துக்கொள்வது வேறு, அவர்கள் கொடுப்பது வேறு. அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150-ஐயும் எஃப்-250-ஐயும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், அச்சு, ஸ்பிரிங், பிரேக் என எல்லாமே மாறியிருக்கும். அங்கே கனரகப் பிக்கப் என்ற பெயருக்கு அதுதான் பொருள். நம் ஊரில் ஹைலக்ஸ் 2.4-இலிருந்து 2.8-க்கோ, டி-மேக்ஸ் 1.9-இலிருந்து 3.0-க்கோ போகும்போது கிடைப்பது கூடுதல் இழுவை மட்டுமே. அடியில் இருக்கும் சட்டம் அதே குடும்பத்துச் சட்டம்தான், ஏற்ற அனுமதிக்கும் எடையும் பழையபடி ஏறத்தாழ 1 டன்தான். நான்கு கதவு வண்டியில் உள்ளே நான்கு பேர் உட்கார்ந்தால் அவர்களின் எடையும் அந்த 1 டன்னுக்குள்தான் அடங்க வேண்டும். ஆகவே, இன்று ஒன்றரை டன் ஏற்றிப் பழகியவர் 500 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை உள்ள வண்டியிலும் ஒன்றரை டன்தான் ஏற்றுவார். எஞ்சின் அதைச் சிரமமின்றி இழுத்துவிடும். அடியில் உள்ளவைதான் அடி வாங்கும்.

அடியில் என்ன நடக்கிறது என்பதை நான் தினமும் பார்க்கிறேன். அதிகச் சுமை ஏற்றும் வண்டியின் லீஃப் ஸ்பிரிங், வெறுமையாக நிற்கும்போது மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டியது, நேர்க்கோடாகி, பிறகு எதிர்ப்பக்கமாகவே வளைந்துவிடும். உடனே எல்லோரும் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டுத் தரச் சொல்கிறார்கள். உங்கள் வகை ஹைலக்ஸின் பின் அச்சுக்கு மேலே, வண்டியின் உடம்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை ஒரு கம்பியின் மூலம் அறிந்து, அதற்கேற்பப் பின் பிரேக்குக்கு அழுத்தம் அனுப்பும் ஒரு வால்வு இருக்கிறது. பட்டையைக் கூட்டினால் சுமை ஏறியும் உடம்பு இறங்காது. வண்டி காலியாக இருக்கிறது என்று வால்வு எண்ணிக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். புக்கிட் புத்துஸ் இறக்கத்தில் அது என்ன செய்யும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பட்டை போட்டிருந்தால், அந்தக் கம்பியையும் அளவு பார்த்துச் சரிசெய்தாக வேண்டும்.

இனி அந்தக் கறுப்புப் புகைக்கு வருகிறேன். உங்கள் 2009 எஞ்சின் புதிதிலேயே 102 குதிரைத் திறன்தான். இன்று அதில் எவ்வளவு மீதம் இருக்கிறது என்பதே கேள்வி. கறுப்புப் புகை வருகிறது என்றால் டீசல் போகிறது, அதை எரிக்கும் அளவுக்குக் காற்று போகவில்லை என்று பொருள். காற்று உள்ளே போகும் குழாயில் கரி அடைத்திருக்கலாம், காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ தளர்ந்திருக்கலாம், காற்று ஃபில்டர் செம்மண் பிடித்திருக்கலாம், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகலாம். வண்டியைக் கொண்டுவந்தால் நான்கு இன்ஜெக்டர்களின் திரும்பும் குழாய்களிலும் நான்கு சிறு பாட்டில்களை மாட்டி எஞ்சினை ஓடவிடுவேன். எந்தப் பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிரம்புகிறதோ, அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது என்பதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். அடுத்து, சூடான எஞ்சினில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து வைப்பேன். அதிலிருந்து கொதிக்கும் கெண்டி போலப் புகை தள்ளிக்கொண்டு வந்தால் பிஸ்டன் பக்கம் தேய்மானம் அதிகம். அப்படியானால், சரிசெய்ய வேண்டாம், விற்றுவிடுங்கள் என்று நானே சொல்வேன். வரவில்லை என்றால் எஞ்சினின் உயிர் இன்னும் இருக்கிறது.

எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட் 150,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது. 300,000-இல் மாற்றினீர்களா? மாற்றவில்லை என்றால், இந்த உரையாடலைப் படித்து முடிப்பதற்கு முன்பே அதற்கு ஏற்பாடு செய்யுங்கள்.

பத்து கிக்கிர் மேட்டுக்காரர் எழுதியது:

வணக்கம். நான் மாறியவன், மாறியதற்காக வருந்தாதவன்; ஆகவே மறுபக்கத்தையும் சொல்வது முறை என்று நினைக்கிறேன்.

எனக்கு 28 ஏக்கர், எல்லாமே மேடு. ஏறத்தாழ 1,500 மரங்கள். ஒரு மரத்திற்கு 2 கிலோ என்று உரம் வைத்தாலே ஒரு சுற்றுக்கு 3 டன், அதாவது 50 கிலோ மூட்டை அறுபது. இருபது இருபதாக மூன்று நடையில் அதை மேட்டின் உச்சிக்குக் கொண்டுபோக வேண்டும். பழைய மரங்களை வெட்டி மறுநடவு செய்த இரண்டு ஆண்டுகளில் கன்றும் தண்ணீர்த் தொட்டியும் ஏற்றி நாள் தவறாமல் ஏறி இறங்கினேன். அந்த வேலையில் 3.0 லிட்டர் டி-மேக்ஸ் எனக்குக் கொடுத்த நிம்மதியைக் காசால் அளக்க முடியாது. முன்பு முதல் கியரில் அழுதுகொண்டே ஏறிய இடத்தை இப்போது வண்டி பேசாமல் ஏறுகிறது. மாலையில் வீட்டுக்கு வரும்போது தோள் வலி இல்லை.

ஆனால் உங்கள் செம்மண் மேட்டில் நடந்தது வேறு விஷயமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அன்று வண்டி எந்த நிலையில் இருந்தது? நான்கு சக்கரம் போட்டிருந்தீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அது சாதாரண 4எச் நிலையா, தாழ்ந்த 4எல் நிலையா? 4எல் போட்டால் சக்கரத்திற்குப் போகும் இழுவை ஏறத்தாழ இரண்டரை மடங்காகக் கூடுகிறது. பெரிய எஞ்சின் கொடுக்கும் கூடுதலைவிட இது அதிகம். உங்கள் வண்டியில் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கும் பொருளும்கூட. எங்கள் பக்கத்தில் பலர் அந்த நெம்புகோலைத் தொடுவதே இல்லை, பழுதாகிவிடும் என்று பயப்படுகிறார்கள். உண்மையில் தொடாமல் விட்டால்தான் அது இறுகிப் பழுதாகிறது.

சேற்றைப் பொறுத்தவரை எஞ்சின் அளவைவிட டயர் முக்கியம். தார்ச்சாலை டயரின் பள்ளங்களில் செம்மண் அப்பிக்கொண்டால், பிறகு அது வழவழப்பான உருளைதான்; 204 குதிரைத் திறன் இருந்தாலும் அதே இடத்தில் வேகமாகச் சுற்றும், அவ்வளவே. அகலப் பள்ளம் உள்ள டயர் போட்டால் அம்மாவோடு கோலா பிலா போகும்போது இரைச்சல் அதிகமாகத்தான் இருக்கும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

புதியது வாங்குவது என்றே முடிவானால் இரண்டு விஷயங்களை விற்பனையாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஒன்று, புகைபோக்கியில் கரி வடிகட்டி, அதாவது டி.பி.எஃப்., இருக்கிறதா என்பது. அதில் சேரும் கரி எரிந்து வெளியேற உள்ளே 600 டிகிரி அளவுக்குச் சூடு வர வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடினால் அது தானாக நடக்கும். 9 கிலோமீட்டர் போய், அணைத்து, மறுபடியும் 9 கிலோமீட்டர் வரும் வண்டியில் அந்தச் சூடு வருவதற்கு முன்பே வேலை முடிந்துவிடும், வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மற்றது, டீசல் ஃபில்டரை எத்தனை கிலோமீட்டருக்கு மாற்றச் சொல்கிறார்கள் என்பது. நம் நிலையங்களில் ஊற்றும் சாதாரண டீசலில் 10 விழுக்காடு நம்முடைய செம்பனையிலிருந்தே செய்த பயோடீசல். நம் பழத்திற்குச் சந்தை தரும் நல்ல திட்டம் அது, நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் பயோடீசல் ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. இன்றைய எஞ்சின்கள் டீசலை 2,000 பார் அழுத்தத்தில் பீய்ச்சுகின்றன. அந்த அழுத்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் இன்ஜெக்டர் முனை அரிந்துவிடும். மாதம் ஒரு முறை ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பாருங்கள். மேலே பொன்னிறமாக டீசல் நிற்கும், அடியில் தண்ணீர் விரலளவு தனியாகத் தேங்கி நிற்கும். அதை முதன்முதலில் பார்த்த நாளிலிருந்து நான் ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை.

செர்த்திங் அக்கா எழுதியது:

தம்பி, நான் வண்டியைப் பற்றிப் பேசத் தகுதி உள்ளவள் அல்ல. எங்கள் வீட்டுக் கணக்கை முப்பது ஆண்டுகளாக எழுதுகிறவள். நீங்கள் கொடுத்த எண்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன், மனம் கேட்காமல் இதை எழுதுகிறேன்.

79 டன் பழம், டன்னுக்கு 800 வெள்ளி என்று வைத்தால் ஆண்டுக்கு 63,200 வெள்ளி. உங்கள் தவணை ஆண்டுக்கு 17,784 வெள்ளி. அதாவது நூறு குலை வெட்டினால் இருபத்தெட்டுக் குலை வண்டிக்கே போகிறது. அதற்குப் பிறகுதான் வெட்டுக் கூலி, உரம், குத்தகை, அம்மாவின் மருந்து எல்லாம். 3 விழுக்காடு வட்டி என்று அவர்கள் சொல்வது முதல் நாள் கடன் தொகைக்கு ஒன்பது ஆண்டும் மாறாமல் போடும் வட்டி. குறைந்துகொண்டே வரும் பாக்கிக்கு என்று கணக்கிட்டால் அது 5.5 விழுக்காட்டுக்குச் சமம். ஒன்பது ஆண்டு முடியும்போது வட்டி மட்டும் 34,000 வெள்ளியைத் தாண்டியிருக்கும்.

எங்களுக்கு நடந்ததையும் சொல்கிறேன். 2022 மார்ச்சில் கச்சாச் செம்பனை எண்ணெய் டன்னுக்கு 7,000 வெள்ளியைத் தாண்டியது உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த நல்ல காலத்தில்தான் என் கணவர் புதிய பிக்கப் எடுத்தார். நானும் தடுக்கவில்லை, முப்பது ஆண்டு உழைத்தவர், ஒரு நல்ல வண்டியில் உட்காரட்டும் என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். ஜூலை மாதத்திற்குள் விலை 4,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. பழத்தின் விலை பாதியானது, தவணை பாதியாகவில்லை. அந்த ஆண்டு உரம் விற்ற விலைக்கு இரண்டு சுற்று உரத்தை நாங்கள் வைக்கவே இல்லை. செம்பனை அதை உடனே காட்டிக்கொடுக்காது. ஒன்றரை, இரண்டு ஆண்டு கழித்துக் குலை சிறுத்து வந்தபோதுதான் வண்டிக்காக மரத்தைப் பட்டினி போட்டோம் என்பது எங்களுக்கு உறைத்தது.

அதோடு 2024 ஜூன் 10-ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் ஒரே இரவில் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்குப் போனது. தகுதி உள்ளவர்களுக்கு மாதம் 200 வெள்ளி, புடி மடானி என்ற அரசு டீசல் உதவியும் அறிவித்தார்கள். அது எங்களுக்குக் கைகொடுத்தது, மறுப்பதற்கில்லை. நீங்கள் பதிவு செய்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. வண்டியை மாற்றும்போது புது வண்டிக்கும் அந்தத் தகுதி இருக்கிறதா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கு. பழம் ஏற்ற நீங்கள் மாதம் ஓட்டுவது, ஒரு சுற்றுக்கு நான்கு நடை என்று வைத்தாலும், இரண்டு சுற்றுக்கு 144 கிலோமீட்டர்தான். அம்மாவை அழைத்துப் போவது மாதம் பதின்மூன்று முறை, 780 கிலோமீட்டர். ஆக இந்த வண்டி பழ வண்டி அல்ல தம்பி, அம்மாவின் வண்டி. என் மாமியாரும் கடைசி நான்கு ஆண்டு டயாலிசிஸில் இருந்தவர். சிகிச்சை முடிந்து வெளியே வரும்போது அவருக்குக் கால் நடுங்கும். பிக்கப்பின் உயரமான படியில் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டு, மற்றக் காலைத் தூக்க முடியாமல், கதவின் மேல் கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே நிற்பார். பின்னாலிருந்து நான் தாங்கிக்கொள்வேன். பெரிய வண்டியின் படி இன்னும் உயரம். ஒரு பழைய பெரோடுவா கார் வாங்கினால் அவர் சாதாரணமாக உட்கார்ந்து எழலாம். 2025 செப்டம்பர் இறுதியில் புடி95 என்ற அரசுச் சலுகைத் திட்டம் தொடங்கியபோது குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளிக்கு வந்தது. சிறிய கார் ஒரு லிட்டரில் ஓடும் தூரமும் பிக்கப்பைவிட மிக அதிகம். அம்மாவிடமே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

ரொம்பின் லோரி எழுதியது:

வணக்கம் சகோதரரே. உங்கள் பக்கம் பழம் ஏற்றும் 3 டன் லோரிகளுக்கு இப்போது டன்னுக்கு 45 வெள்ளி வாங்குகிறோம். ஆண்டு முழுவதும் 79 டன்னையும் லோரியில் அனுப்பினாலும் 3,555 வெள்ளிதான் ஆகும். லோரி உங்கள் செம்மண்ணுக்குள் இறங்காது, பின்சக்கர இயக்கம், புதைந்துவிடும். தார்ச்சாலை ஓரம் வரை நீங்கள் கொண்டுவந்து கொட்டினால் அங்கிருந்து நாங்கள் எடுத்துக்கொள்வோம். முன்னாளே சொல்லி வைத்தால் அன்றே ரேம்ப்புக்குப் போய்விடும். வெட்டிய பழம் 24 மணி நேரத்திற்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் நாங்களும் மறுநாளுக்குத் தள்ளுவதில்லை.

பகாவ் வாசி எழுதியது:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து வருவதற்கு மன்னிக்கவும். எடையைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

பட்டறை அண்ணன் கேட்டபடி எடைச் சீட்டுகளைத் தேடி எடுத்தேன். வண்டி நின்ற அன்று பழத்தோடு 3,420 கிலோ. இறக்கிய பிறகு, நான் உள்ளே உட்கார்ந்திருக்க, 1,860 கிலோ. ஆக 1,560 கிலோ பழம் ஏற்றியிருக்கிறேன். அனுமதிக்கப்பட்ட அளவைவிட அரை டன் கூடுதல் அது. பழைய சீட்டுகளில் அதைவிட அதிகமாகவும் இருக்கிறது. ஒரு நடை குறைந்தால் நேரம் மிச்சம் என்று இத்தனை ஆண்டும் ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறேன். பின்னால் கூடுதல் பட்டை போட்டிருப்பதும் உண்மை. நான் இந்த வண்டியை வாங்கும்போதே இருந்தது. பிரேக் வால்வைப் பற்றி இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதைப் படித்த நாளிலிருந்து ஆடு ஏற்றிக்கொண்டு சிரம்பான் போகவில்லை.

மேட்டுக்காரர் ஐயா கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். அன்று வண்டி 4எச் நிலையில்தான் இருந்தது. 4எல் நெம்புகோல் இறுகிப் போயிருந்தது. எண்ணெய் விட்டு, இரண்டு நாள் மெதுவாக அசைத்து அசைத்து விடுவித்தேன். நேற்று முன்தினம் மழை பெய்த பிறகு, 900 கிலோ பழத்தோடு அதே மேட்டில் 4எல் போட்டு ஏற்றிப் பார்த்தேன். எஞ்சின் உறுமவில்லை. வண்டி ஒரே சீராக நடந்து மேலே வந்தது. சென்ற மாதம் விழுந்த பெரியவர் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி அவரைத் தாண்டியதும் கையைத் தட்டினார்.

செர்த்திங் அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். படியில் ஏறுவது கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ வேலையோடு வேலையாக வந்து அழைத்துப் போகிறாய், அதில் நான் வேறு எப்படிச் சொல்வது" என்றார். இரண்டு ஆண்டுகளாக வாரம் மூன்று முறை அவரை அதே படியில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். கை கொடுத்தேனே தவிர, கேட்கவில்லை.

ஆகவே 140,000 வெள்ளி வண்டியை இப்போதைக்கு எடுக்கப் போவதில்லை. முன்பணத்திற்கு வைத்திருந்த 14,000 வெள்ளியில் ஒரு பழைய சிறிய காரை அம்மாவுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஹைலக்ஸ் இனி நிலத்திலிருந்து தார்ச்சாலை வரை மட்டும், ஒரு நடைக்கு 900 கிலோவுக்கு மேல் இல்லாமல், பழத்தைக் கொண்டுவந்து கொட்டும், அங்கிருந்து லோரி. ரொம்பின் சகோதரருக்குத் தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன். குத்தகை இன்னும் மூன்று ஆண்டில் முடிகிறது. அதைப் புதுப்பித்து மறுநடவு செய்வதாக இருந்தால், அப்போது ஐயாவைப் போல மேட்டு வேலை எனக்கும் வரும். வண்டிப் பேச்சை அன்று மறுபடியும் எடுக்கிறேன்.

பட்டறை அண்ணா, டைமிங் பெல்ட் மாற்றியதற்கு என்னிடம் எந்தச் சீட்டும் இல்லை. வண்டியை எப்போது கொண்டுவரலாம்?

கோலா பிலா பட்டறை எழுதியது:

சீட்டு இல்லை என்றால் மாற்றவில்லை என்றே கொள்ள வேண்டும், தம்பி. புதன்கிழமை காலையில் அம்மாவைச் சிகிச்சைக்கு விட்டுவிட்டு நேராக இங்கே வாருங்கள். நான்கு மணி நேரம் உங்களுக்கு எப்படியும் காத்திருப்புதான். பாட்டில் சோதனையை முதலில் செய்துவிடுவோம். எஞ்சினில் உயிர் இருந்தால் பெல்ட், இரண்டு இன்ஜெக்டர், காற்றுக் குழாய்க் கரி எடுப்பு, அந்தக் கூடுதல் பட்டையைக் கழற்றி வால்வின் கம்பியை அளவு பார்ப்பது ஆகிய எல்லாம் சேர்ந்து 5,000 வெள்ளிக்குள் முடிக்கப் பார்க்கிறேன். மூடியைத் திறந்து புகை தள்ளினால் ஒரு காசும் செலவழிக்க விடமாட்டேன், வேறு வழி பேசுவோம். டீசலை முழுத் தொட்டி நிரப்பிக்கொண்டு வராதீர்கள். தொட்டியின் அடியில் தேங்கியிருக்கும் தண்ணீரையும் எடுத்துவிட வேண்டும்.